கிழவியை அனுப்பிவிடலாமா?

மாமியார் காபியைத் தொடவில்லை. டம்ளர் மேசை மேலேயே ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. வாசற்கதவோரம் அவருடைய துணிப்பை, வாயைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தது. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். அவன் பஸ் டிரைவர். ஊர் நெரிசலில் வளைத்து நெளித்து ஓட்டுகிறவனுக்கு, இரண்டு பெண்களுக்கு நடுவே வண்டி ஒரு அடி நகரவில்லை!

மருமகளுக்கோ தலைகால் புரியவில்லை. தகடு அடிக்கும் ஆலையில் அவள் மெஷின் பழுது பார்ப்பவள். அவளைப்போல் ஆலையில் மெஷினோடு வேலை பார்க்கிறவர்களுக்கென்றே நடக்கும் மேலாண்மைப் பட்டப்படிப்பில் சேர்ந்து, விடுமுறை நாளெல்லாம் வகுப்புக்கு ஓடினாள். கையில் கிரீஸ் வாசனை போவதற்குள் பாடத்தைத் திறந்து, படித்தபடியே சாப்பாட்டுத் தட்டின் முன் தூங்கிப்போன நாட்கள் எத்தனையோ! லேசுப்பட்ட பெண் இல்லை அவள். இன்றைக்குக் கடைசித் தேர்வு. சொந்த ஆலையில் ஒரு சிக்கலைத் தீர்த்துக் காட்டி, பேராசிரியர்கள் முன் நின்று பதில் சொல்ல வேண்டும்.

"அத்தை, என்ன கோபம்னாலும் சாயந்தரம் திட்டுங்க... இன்னிக்கு ஒரு நாள் பாப்பாவைப் பாத்துக்கங்க. போகலேன்னா ஒரு வருஷம் போச்சு. சூப்பர்வைசர் வேலையும் கைநழுவிடும்."

"ஒரு வருஷம் என்னடி? நான் போயிட்டா ஆயுசு பூரா நிம்மதியாப் படி!"

"யார் உங்களைப் போகச் சொன்னா?"

மகன் சீறினான். "நடிக்காதே! அம்மாகிட்ட மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு வீட்டோட இரு. உன் படிப்பும் வேணாம், பதவியும் வேணாம்!"

"எதுக்குன்னாவது சொல்லுங்களேன்..." அவள் கண்ணில் நீர் முட்டியது.

"நான் சொல்றேன்டி!" மாமியாரின் குரல் உடைந்தது. "நேத்து போன்ல யார்கிட்டயோ சொன்னியே... 'எல்லாம் கிழவிகிட்ட வந்துதான் தேங்கி நிக்குது. எப்பப் பாத்தாலும் முனகல். வெளிய அனுப்பிட்டுப் புதுசா ஒண்ணைக் கொண்டாந்து வெச்சுடலாம்னு பேசிக்கறாங்க'ன்னு! இந்தக் காதால கேட்டேன். சம்பளத்துக்கு ஆள் வெக்கப் போறியா என் இடத்துல?"

மருமகள் வாயைப் பிளந்தாள். பிறகு, சிரிக்கக் கூடாத நேரத்தில், குபீரென்று சிரித்துவிட்டாள்!

"பாருடா, சிரிக்கறா..."

"ஐயோ அத்தை!" சுருட்டி வைத்திருந்த சார்ட்டை அவசரமாக மேசையில் விரித்தாள். ஆள் உயரத்தைத் தாண்டிய, தகடு அடிக்கும் ஒரு பிரஸ் மெஷினின் படம். பெயின்ட் உரிந்த அதன் நெற்றியில் யாரோ வெள்ளையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்: கிழவி.

"எங்க எல்லாருக்கும் முன்னாடி வந்தது. ஆலையில மொதலாளியிலேருந்து வாட்ச்மேன் வரைக்கும் இதுக்கு அதான் பேரு!"

மாமியார் படத்தை மேலும் கீழும் பார்த்தார். "நாசமாப் போனவங்க... இரும்புக்கு வெக்கற பேரா இது?" என்றவர், சற்று நிறுத்தி, சன்னமாகக் கேட்டார். "சரி... இவளை அனுப்பிட்டாங்களா?"

"அனுப்பக் கூடாதுன்னு சொல்லத்தான் போறேன் அத்தை. அத்தனை வேலையையும் இவ தலையிலயே கட்டிட்டு, இவளால லேட்டுங்கறாங்க. பக்கத்துல ஒரு மெஷின் பாதி நேரம் சும்மா நிக்குது. பாதி வேலையை அங்க மாத்தினேன். வாரா வாரம் நிறுத்தி, எண்ணெய் போட்டுப் பாத்தேன். முனகலே போயிடுச்சு! தப்பு கிழவி மேல இல்ல... வேலையைப் பிரிச்சுக் குடுக்காத எங்க மேல..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். அவள் வகுப்புக்கு ஓடிய நாட்களில் இந்த வீட்டை யார் ஓட்டினார்கள்? சமையல், துணி, குழந்தை... எல்லாம் யார் தலையில்? படத்தின் ஓரத்தைப் பிடித்திருந்த மாமியாரின் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"இது எப்பலேருந்து அத்தை? நான் கேக்கவே இல்லையே..." அவள் அந்தக் கையை எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஆலையில தெரிஞ்சது எனக்கு வீட்டுல தெரியலையே!"

"போறதுக்கு எனக்கு வருத்தமில்லடி... இவ்வளவு செஞ்சும் உனக்குப் பாரமாயிட்டேனேன்னுதான்..." மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டவர் மாமியார்தான். "ஏன்டி, சும்மா நிக்கற மெஷின்னு ஒண்ணு சொன்னியே..."

இருவர் பார்வையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.

"நானா?" என்றான் மகன்.

"நீதான்டா! பாத்திரம் ஊறுது. போ!"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

மருமகள் தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரி வழக்கம்போல் எட்டிப் பார்த்தாள். "லீவு நாள்லகூட உங்க மருமகளுக்கு ஓவர்டைமா?"

இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார் மாமியார். பிள்ளை பெற்றவளுக்கு என்ன படிப்பு என்று ஊர் சிரிக்குமே என்ற கூச்சம். இன்றைக்கு அவர் வாசலுக்கே வந்து நின்றார்.

"ஓவர்டைமும் இல்ல, ஒண்ணும் இல்ல! என் மருமக பட்டப் பரீட்சைக்குப் போறா! மெஷினைப் பாத்துக்கிட்டவ, இனிமே அங்க மனுஷங்களையும் பாத்துக்கப் போறா!"

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி அழுதுவிடுவாள். பஸ் வந்துகொண்டிருந்தது, சார்ட்டை அணைத்துப் பிடித்தபடி ஓடினாள்.