உப்புக்கென விட்ட குளம்

காலையில் எழுந்ததும் சலேத்தம்மாள் மிதவை வீட்டின் படியிறங்கி, குளத்தில் விரல் நனைத்து நாக்கில் வைத்தாள்.

"என்ன, இனிக்குதா?" உள்ளிருந்து கணவர் பெர்க்மான்ஸ் கேட்டார்.

"இன்னும் கரிக்குது."

கடல் ஏறி வயல்களை உப்புக்குளங்களாக்கிய பிறகு, ஊரில் எல்லோருக்கும் இதுதான் முதல் வேலையாக இருந்தது. உப்புண்ணி என்ற நுண்ணுயிர் குளத்து உப்பைத் தின்று நன்னீராக்கும். தண்ணீர் இனித்தால் வாசல் மணியை அடிக்கலாம். வடித்துவிட்டு நெல் விதைக்கலாம். இவர்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டு மணிகளும் அடித்துவிட்டன.

அகதி முகாமில் பிறந்த சலேத்தம்மாள், கோயிலில் வாசிக்கும் விவிலியத்தில் இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட காட்சியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள். ஆலயத்திலிருந்து ஓர் ஆறு புறப்படும். அது சேரும் கடல் நலம்பெறும். ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்: சதுப்புகள் நலம்பெறாமல் உப்புக்கென விடப்படும். கடவுளுக்கு ஏன் இந்த ஓரவஞ்சனை?

அன்று நீர்மீட்பு அலுவலர் தேவகிருபை படகில் வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, மத்த குளத்துல உப்புண்ணி எல்லாம் செத்துப்போச்சு. தின்ன உப்பு இல்ல. ஆய்வுக்கூடத்துல வளத்தோம், நிக்கல. மிச்சம் உங்க குளத்துல மட்டும்தான். கடல் மறுபடி ஏறினா இதுதான் ஊருக்குக் கதி. அது சாவாம இருக்க மதகைத் திறந்து கடல்தண்ணிய விடணும். நீங்க சம்மதிச்சாத்தான்."

"ஊர் பூரா நெல்லு, எங்களுக்கு மட்டும் உப்பா?" பெர்க்மான்ஸ் வெடித்தார். "நல்லாருக்கும்மா உங்க நியாயம்!"

அக்கரையில் பக்கத்து வயல்காரன் கபிரியேலின் நெல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. சலேத்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகிருபையின் படகு கயிற்றில் முனகியது. பிறகு சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்க?" என்றார் பெர்க்மான்ஸ்.

"விதைநெல்ல யாராவது பொங்கித் திம்பாங்களா? சதுப்ப உப்புக்குன்னு விட்ட அந்த வரிய சாபம்னுல்லா நெனச்சேன். ஆண்டவரு விதைக்குன்னு எடுத்து வச்சிருக்காரு."

பெர்க்மான்ஸ் குளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சரி. கஞ்சிக்கு உப்பு வேணும்னா எல்லாரும் நம்ம வாசலுக்குத்தான் வரணும். கபிரியேல் பய வந்தா ரெண்டு தடவ கேக்க விடணும்."

இருவருமாக மதகைத் தூக்கினார்கள். கடல் நுரைத்து உள்ளே வந்தது. சலேத்தம்மாள் நேரே போய் வாசல் மணியை அடித்தாள்.

வரப்புகளில் ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் கபிரியேல்.

"இனிச்சிட்டா மைனி?"

"இல்லடே, கரிக்குது! நல்லாக் கரிக்குது!" என்று கத்திக்கொண்டே அவள் இன்னும் வேகமாக மணிக்கயிற்றை இழுத்தாள்.