மூன்றாவது சங்கிலி

சோதனைத் தொட்டியில் அலையடிக்கும் பலகையை நிறுத்தி ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியும், மூன்றாவது சங்கிலி மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது.

தரணி திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. நடுக்கடலில் மிதக்கப்போகிற காற்றாலையின் ஆளுயர மாதிரி ஒன்று, அவிநாசிபாளையம் பக்கம் மூடிப்போன சாயப்பட்டறைத் தொட்டிக்குள் மூன்று சங்கிலிகளில் கட்டுண்டு மிதந்தது. தொட்டியில் சங்கிலி நிஜமாக இழுக்கிற இழுப்பு சிவப்புக் கோடு. அவள் கணக்குப் போட்டு ஓட்டிய சிமுலேஷன் நீலக் கோடு. ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் அவள் கணக்கை எவனும் நம்புவான், அவள் வேலையும் நிலைக்கும். மற்ற ரெண்டு சங்கிலியும் படிந்துவிட்டன. இது ஒரு வாரமாக முரண்டு பிடிக்கிறது.

தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலிலும் இருட்டு. எவ்வளவு கழுவியும் போகாத சாய நாற்றம், ஆசிட்டும் அழுகிய முட்டையும் கலந்தது போலத் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

"தனபாலண்ணா, சங்கிலியில எதாச்சும் சிக்கியிருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். நேத்துத்தான தடவிப் பாத்தேன். உங்க பொட்டிக்குத்தான் கிறுக்கு."

பட்டறை ஓடின காலத்திலிருந்தே இங்கே ஃபிட்டர் அவன். வலது மணிக்கட்டில் செப்புக் காப்பு.

எரிச்சலில் அவள் சிமுலேஷனில் சங்கிலியின் அடியில் ஒரு எடையைக் கட்டிப் பார்த்தாள். இருபது கிலோ. நாற்பது. அறுபதில் நீலக் கோடு போய்ச் சிவப்பின்மேல் ஒட்டிக்கொண்டது. மூச்சு விடுவதற்குள் விலகியது. எடையை அதே சங்கிலியின் பாதி உயரத்துக்கு ஏற்றினாள். படிந்தது. விலகியது. இன்னும் மேலே. படிந்தது.

ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு இழுப்பு. நீண்ட தொய்வு. ஒரு இழுப்பு. ஒத்தைக் கையால் ஏறுகிறவன், பிடியை விட்டுவிட்டு அடுத்த கண்ணியைத் தாவிப் பிடிக்கிற மாதிரி.

"அண்ணா... இந்தத் தொட்டியில யாராச்சும் செத்துருக்காங்களா?"

தனபால் விளிம்பில் பீடியைத் தேய்த்து அணைத்தான்.

"ஒரு ஒடிசாக்காரனுங்க. கலக்குற மெஷின்ல சிக்கிட்டான். சாயம் ஏறி ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம் அவனுக்கு. அதுல ஒரு கை மட்டும் பிஞ்சு மிதந்துச்சு. ஆளு சேத்துக்குள்ள போயிட்டான். போலீசு கீலீசு வேண்டாம்னுட்டாரு முதலாளி. சேத்து மேலயே கான்கிரீட்டப் போட்டு மூடிட்டோம்." சிரித்தான். "அதுலதானுங்க உங்க சங்கிலிய அடிச்சிருக்குது."

"இந்தப் பக்கம் வந்துருங்க. தண்ணிக்குள்ள கை வெக்காதீங்க."

"அட, நட்டு லூசா இருக்குமுங்க. பேய்ப் படம் பாத்துட்டு வந்தீங்களா?" விளிம்பில் குப்புறப் படுத்து, சங்கிலியின் தலையைத் தேடித் தோள்வரை வலது கையை விட்டான்.

திரையில் எடை சங்கிலியின் தலைக்கு வந்திருந்தது.

"கைய எடுங்க—"

சங்கிலி சுண்டியது. கண்ணிகள் மணிக்கட்டில் சுற்றி இறுகின. முகம் சிமெண்டு விளிம்பில் மோதிப் பல் தெறித்தது. ஓடிப்போய் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். கீழிருந்து அதைவிடப் பெரிய இழுப்பு. மூட்டு கழன்ற சத்தம். அப்புறம் ஈரப் பனியனை நெடுக்காகக் கிழிக்கிற சத்தம்.

இழுப்பு விட்டது. தனபால் அவள் மடியில் மல்லாந்து விழுந்தான். வலது தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தம் அவள் முழங்காலைச் சுட்டது. அவன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. பிறகு மூடவில்லை.

தண்ணீர் அடங்கியது.

திரையில் சிவப்புக் கோடு. ஒரு இழுப்பு. ஒரு இழுப்பு. ஒரு இழுப்பு.

நடுவில் தொய்வே இல்லை.

தொட்டி விளிம்பை ஒரு கை பிடித்தது. முழங்கை வரை நீலம்.

அதன் பக்கத்தில் இன்னொரு கை. மணிக்கட்டில் செப்புக் காப்பு.