தீங்கற்ற கட்டி

படமெடுப்பவன் அருள்தாஸ் எலும்பொலிமானியின் முனையை முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தியதுமே பேச்சிமுத்து கேட்டான். "அண்ணே, பெருசாயிருக்கா?"

நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

பழைய ஸ்கேனில் ஒலி எலும்பின் மேலே பட்டுத் திரும்பிவிடும். இந்தக் கருவியின் ஒலி உள்ளேயும் நுழைந்தது. பார்த்தால் நாற்பத்தொரு தொழிலாளிகளுக்கும் எங்காவது ஒரு கட்டி. எல்லாம் தீங்கற்றவை. அங்கேதான் சிக்கல். கப்பல் கிளம்பும் அழுத்தத்தில் கட்டி உள்ள எலும்பு முறியலாம், அதனால் ஏற்றக் கூடாது. தீங்கான கட்டி என்றால் உயிர்ப் பிரச்சினை. கப்பலுக்கு ஒன்றே உள்ள, மெத்தை வைத்த அவசர இருக்கையில் அனுப்பியே ஆக வேண்டும். பூமிக்கு ஆண்டுக்கு இரண்டு கப்பல்.

திரையில், எலும்பிலிருந்து காளான் போல ஒரு முளை. அதை மூடியிருந்த குருத்தெலும்பை அருள்தாஸ் அளந்தான்.

"நாலு மில்லிமீட்டர். போன தடவ இருந்ததுதான். ஒண்ணும் செய்யாது, போ."

"ஒண்ணும் செய்யாததுக்கா மூணு கப்பல விட்டேன்? உங்களுக்கென்ன, சுத்தமான எலும்பு. நாளைக்குக் கெளம்பிருவீங்க."

அருள்தாஸுக்குப் பதிலாக யாரும் வரப்போவதில்லை. கருவி போதுமான அளவு கற்றுவிட்டதாம். இனி அதுவே தனியாகப் பார்த்துக்கொள்ளும்.

"நிச்சயம் பண்ணிட்டு வந்தேண்ணே. இந்தக் கப்பல்ல வரலேன்னா அமுதாவுக்கு வேற எடம் பாப்பாராம் அவ அப்பா. தீங்கானதுன்னு ஒரு வார்த்த போடுங்க."

"மாட்டுனா என் லைசென்ஸ் போயிரும்ல."

"மாட்டுறதுக்குள்ள நீங்க நாகர்கோவில்ல மீன்கொழம்பு சாப்ட்டுக்கிட்டு இருப்பீங்க."

அருள்தாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'தீங்கற்றது' என்பதை அழித்து, 'தீங்கானது' என்று போட்டான்.

மனிதன் திருத்தினால் அதைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் கருவி அது. இவ்வளவு சாதுவான கட்டியே தீங்கு என்றால் மற்றவையும் தீங்குதான் என்று புரிந்துகொண்டு, பழைய படங்கள் அத்தனையையும் மறுபடி பார்த்தது. திரையில், அவசர இருக்கைக்கான வரிசையில், சிவப்பாக நாற்பத்தொரு பெயர்கள்.

அருள்தாஸ் பதறிப்போய்த் திருத்தத்தை அழிக்கப் பார்த்தான். 'உயிர் ஆபத்து முடிவை நீக்க இரண்டு படமெடுப்பவர்கள் கையொப்பம் தேவை' என்றது திரை. அடுத்த வரி: 'தீங்கான கட்டி உள்ளவர் ஒருவராவது இருக்கும்வரை படமெடுப்பவர் நிலையத்தை விட்டு நீங்கக் கூடாது.'

பேச்சிமுத்து எட்டிப் பார்த்தான். "எம்பேரு எத்தனாவதுண்ணே?"

"பதினேழு."

பேச்சிமுத்து கப்பல்களை விரல்விட்டு எண்ணினான். எட்டு வருஷம் வந்ததும் விரலை மடக்கிக்கொண்டான்.

"அப்ப நீங்க?"

அருள்தாஸ் பட்டியலைக் கீழே தள்ளினான். கடைசி வரியில் அவன் பெயர் இருந்தது. கட்டி: இல்லை. முறை: நாற்பத்திரண்டு.