பதினொன்று நாற்பது

2012 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அக்கா சகாய பிரியா பெங்களூர் பஸ்ஸில் வந்து விழுப்புரத்தில் இறங்கினாள். விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்த படங்களை ஆராய்வது அவள் வேலை. ஒன்றுமே இல்லாத ஒரு வான மூலையை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்குமாம் அது. இதற்கெல்லாம் சம்பளமா என்று எப்போதும் கிண்டலடிப்பேன். அன்று அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

வந்ததும் வராததுமாக என் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இன்னிக்கு வேலைக்குப் போவாதடா ஆண்டோ.”

“பேஜாரு பண்ணாதக்கா. பாண்டிச்சேரி கம்பெனியில லீவு குடுக்க மாட்டானுங்க.”

லேப்டாப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் மங்கலாக ஒரு புள்ளி.

“இத்தினி வருசத்துல இதுலேர்ந்து நாலே நாலு துளி எக்ஸ்ரே வந்துருக்குது. கெளம்பி எழுநூறு கோடி வருசம் ஆச்சு. அப்ப நம்ம பூமியே கெடையாது. ஒவ்வொண்ணும் வந்து சேந்த நேரம் இந்த ஃபைல்ல வரிவரியா இருக்குது, பாரு.”

முதல் வரி, 2000 டிசம்பர். எங்கள் அப்பா செபஸ்தியான் இறந்த நாள். காலை 6:12. அவர் கையைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவன் நான். யாரும் ஏற்றாமலே மெழுகுவத்தி வாசனை வீடு முழுக்க வந்ததும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது வரி, அம்மா. மூன்றாவது, மூத்த அக்கா அமல்ராணி. நிமிடம்கூடப் பிசகவில்லை.

குடும்பத்தில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

“நாலாவது?”

“துளி வந்துடுச்சு, ஆனா அதுக்குப் பதிவாயிருக்கிறது இன்னும் வராத நேரம்டா. தேதியா மாத்த முடியாதுன்னு ப்ரோக்ராம் தள்ளிடுச்சு. நானே பேப்பர்ல கணக்குப் போட்டேன். இன்னிக்கு, பதினொண்ணு நாப்பது. நீதான தெனம் பாண்டிச்சேரி ரோட்ல பறந்துக்கினு இருக்கிற?”

கதவைப் பூட்டினாள். மின்வெட்டு. ஃபேன் நின்றுபோய், லேப்டாப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது. என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு “அருள் நிறைந்த மரியே” சொல்லிக்கொண்டிருந்தாள்.

11:39.

11:40.

11:41.

ஒன்றும் ஆகவில்லை. மெழுகு வாசனையும் வரவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். சாவியைக் கொடுத்தாள். “இன்னாக்கா, எமன் பஸ்ஸ விட்டுட்டானா?” என்று கேட்டுவிட்டு அரை நாள் வேலைக்குக் கிளம்பினேன்.

மாலை திரும்பும்போது, கண்டமங்கலம் தாண்டியதும் போன் அடித்தது.

“ஆண்டோ! வண்டிய நிறுத்து! ரோட்ட வுட்டு எறங்கு!”

பைக்கைப் போட்டுவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குள், வேர்க்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

“அந்த ஃபைல்ல இருக்கிறது உலக நேரம்டா. நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். மத்த மூணுக்கும் ப்ரோக்ராமே கூட்டிடுச்சு, கையால போடறப்ப நான் மறந்துட்டேன். அஞ்சு பத்துடா! அசையாத. நான் பேசிக்கினே இருக்கேன்.”

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் நொடிகளை எண்ணினாள். இருபது. பத்து. அப்புறம் எண்ணுவதை நிறுத்தினாள்.

“ஆண்டோ... இங்க மெழுகு வாசனை வருதுடா.”

5:10.

நான் உயிரோடு நின்றுகொண்டிருந்தேன்.

“அக்கா?”

லேப்டாப்பின் இரைச்சல் மட்டும் கேட்டது.

மாரடைப்பு என்றார் டாக்டர். முப்பத்திரண்டு வயதில். இருவரில் ஒருவர் என்று தெரிந்தும், அவளாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து லேப்டாப்பைத் திறந்தேன். பக்கத்தில் அவள் கணக்குப் போட்ட பேப்பர் கிடந்தது. “மொத்தம் 4 வரி” என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

ஃபைலில் ஐந்து வரிகள் இருந்தன.

ஐந்தாவது ஒரு நீளமான எண். அதைத் தேதியாக மாற்ற எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கப்போவதும் இல்லை. தினமும் எழுந்ததும் வீட்டை மட்டும் ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்கிறேன்.