மூன்றாவது ழகரம்

தளவாய் இரண்டாவது தப்பையும் செய்துவிட்டான். சுவரில் மாட்டியிருந்த திருத்தி இரண்டாவது சிவப்பு விளக்கை ஏற்றிக்கொண்டது. மூன்றாவதும் எரிந்தால் கதவு திறக்கும். கதை வாசிக்க வந்த தன்னார்வலர் எழுந்து போய்விட வேண்டியதுதான். பிறகு இந்த வாசிப்பு மையத்துக்குள் கால் வைக்க முடியாது.

தூத்துக்குடியில் லாரி என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவனுக்குக் கதைப் புத்தகம் எதற்கு என்று பட்டறையில் கேலி செய்தார்கள். எதற்கா? அவன் மகள் நறுமுகைக்கு நான்கு வயது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வீடு குரலி வந்தபின் பிறந்த பிள்ளைகளில் பாதி இப்படித்தான். கண்ணைப் பார்த்தே பால் வேண்டுமா பொம்மை வேண்டுமா என்று கண்டுகொண்டு கொடுத்துவிடுகிற கருவி இருக்கும்போது, பிள்ளை எதற்கு மெனக்கெட்டு வாயைத் திறக்கப்போகிறது? தளவாய் வீட்டில் எதையாவது தப்பாகச் சொன்னாலும், குரலி அந்த நொடியே குறுக்கே புகுந்து சரியாகச் சொல்லிவிடும்.

பதறிப்போன அரசாங்கம், மனிதர்களே நேரில் வந்து கதை வாசிக்கட்டும் என்றது. அதையாவது நிம்மதியாக வாசிக்கவிட்டார்களா? உச்சரிப்பைக் கண்காணிக்கத் திருத்தியைக் கொண்டுவந்து மாட்டினார்கள்.

இன்றைக்குள் நறுமுகை பேசாவிட்டால், நாளை அவளைப் பேசாத பிள்ளைகளுக்கான சென்னைப் பேச்சகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் பெற்றோர் முகத்தையே பார்க்க முடியாது.

மழை ஏற்கனவே ‘மளை’ ஆகியிருந்தது. கிழவி ‘கிளவி’ ஆகியிருந்தாள். பக்கத்தின் அடியில் வாழைப்பழம் காத்திருந்தது. ழகரம் தளவாய் வம்சத்துக்கே வராது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு வாசித்தாலும் சிவப்புதான்.

“தொண்டை சரியில்லன்னு எந்திரிச்சிருங்க அண்ணாச்சி,” என்றாள் கண்காணிப்பாளர் பியூலா மெதுவாக. “அடுத்த வாரம் வந்து வாசிக்கலாம்.”

“அடுத்த வாரம் எம்புள்ள இங்க இருக்காதேம்மா.”

நறுமுகை மற்றக் குழந்தைகளைத் தாண்டி முன்னால் நகர்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாக்கை மடித்தான். மடித்த நாக்கு சறுக்கியது.

“குரங்கு கேட்டது... வாளப்பளம்.”

கதவு திறந்தது. “மூன்று பிழை. நன்றி. போய் வருக,” என்றது திருத்தி.

தளவாய் புத்தகத்தை மூடி எழுந்தான்.

“வாழைப்பழம்,” என்றாள் நறுமுகை.

பியூலா அப்படியே நின்றுவிட்டாள்.

“பளம் இல்ல. பழம்,” என்று குழந்தை எரிச்சலோடு சொன்னாள். நான்கு வருடமாக எல்லாவற்றையும் சரியாகவே கேட்டு வளர்ந்தவளுக்கு, குரலி இல்லாத இடத்தில் தானே பேசியாக வேண்டிய அவசியம் இப்போதுதான் வந்திருந்தது.

பேச்சகத்துக்கு அனுப்பும் தாளைப் பியூலா கிழித்துப்போட்டாள். தளவாய் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். வந்ததும் முதல் வேலையாகக் குரலியை நிறுத்தினான்.

மதியம் மனைவி உமையாளோடு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“குளம்பு ஊத்தட்டா தாயி?”

“குழம்பு.”

“ஆத்தாடி, கேட்டியா உமையா? சரி, கிளங்கு வைக்கட்டா?”

“கிழங்கு.”

இந்தச் சுகத்துக்காக ஆயுசு முழுக்கத் தப்பாகவே பேசலாம் என்று இருந்தது அவனுக்கு.

“என்ன, கண்ணெல்லாம் கலங்குது?” என்றாள் உமையாள்.

“யாரு, நானா அளுதேன்?”

நறுமுகை சோற்றுக் கையோடு எழுந்தாள். நேராகப் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“மூன்று பிழை,” என்றாள் அப்பாவைப் பார்த்து. “நன்றி. போய் வருக.”