முன்னால் நின்றவளும் பின்னால் தெரிந்தவளும்

அன்று காலை பால் பொங்குவதற்கு முன்பே மூத்த மருமகள் பொங்கிவிட்டாள். அவள் பொங்கினால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். ஒரு கரண்டியை அவள் வைத்த வேகத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "யாரது?" என்று கேட்டார்.

காரணம், சாப்பாட்டு மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் உட்கார்ந்திருந்த மிரர்லெஸ் கேமரா. செகண்ட் ஹேண்ட்தான்; பிடியில் ரப்பர் தேய்ந்திருந்தது. கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. அவன் மனைவி வ்லாக் எடுக்க ஆசைப்பட்டாள். வாங்கி வந்தவர் மூத்தவளின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தீப்பெட்டி நிரம்பாது. அதிலும் பாதி "ம்."

மூத்தவள் தையல்காரி. "சின்னவ ஆசைப்படுறா, நீதான் விட்டுக்கொடுக்கணும்" என்று மாமியார் சொன்னதும், புதுத் தையல் மெஷினுக்குச் சேர்த்த பணத்தை எடுத்து நீட்டினாள். அதுகூட வலிக்கவில்லை. தனக்கு ஊசி வாங்கிவரச் சொன்னால் நூல் வாங்கிவரும் மனிதர், தம்பி மனைவிக்காக லீவு போட்டு, கடை கடையாக ஏறி, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கியிருக்கிறாரே... அதுதான் முள்ளாகத் தைத்தது!

"எனக்காக ஒரு நாளாவது லீவு போட்டிருக்கீங்களா?"

"ம்," என்றார். போட்டாரா, போடவில்லையா என்று அதிலிருந்து கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

இளையவளின் முதல் வ்லாக், 'அலமாரி அடுக்கும் கலை.' முன்னால் நின்று பேசுவது அவள். பின்னால் துணி மடிப்பது வழக்கம்போல் மூத்தவள்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். இளையவளின் முகம் நனைந்த சோப்பு மாதிரி கரைந்திருந்தது. பின்னால் மூத்தவளின் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்! இடம் மாற்றி எடுத்தார்கள். விளக்குப் போட்டு எடுத்தார்கள். கேமரா பிடிவாதமாக மூத்தவளையே பார்த்தது.

"என்னக்கா செஞ்சு வச்சீங்க இதை?" இளையவள் அழுதேவிட்டாள். "பொறாமை! உங்க கண்ணு பட்டுத்தான் நான் மங்கிட்டேன்!"

"நான் அதைத் தொடக்கூட இல்லையேம்மா..."

"முழு மனசோட குடுத்திருந்தா இப்படி ஆகுமா?" என்றார் மாமியார்.

மூத்தவளின் கையிலிருந்த துணி நழுவியது. "ஆமா, பொறாமைதான் அத்தை! கேமரா மேல இல்ல... அவர் அதுக்காக அலைஞ்சாரே, அந்த அலைச்சல் மேல! எனக்குன்னு இந்த வீட்டுல யாராவது ஒரு படி ஏறி இறங்கியிருக்கீங்களா?"

குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்தியது.

இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ, அழிக்க மறந்துட்டேம்மா! அதுல ஒரு முகத்தைப் பதிஞ்சு வச்சா, எத்தனை பேர் நின்னாலும் அந்த முகத்தைத்தான் முதல்ல பிடிக்கும். வேலை செய்யுதான்னு பார்க்கணும், யார் முகத்தையாவது காட்டுங்கன்னேன். சார் பர்ஸ்லேருந்து ஒரு போட்டோ எடுத்து நீட்டுனாரு. 'உங்க முகமே போதுமே'ன்னேன். 'இதுதான் முகம்'னாரு."

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவர் தரையில் எதையோ தொலைத்தவர்போல் தேடினார்.

மூத்தவள் அவர் பையிலிருந்து பர்ஸை உருவினாள். உள்ளே அவளுடைய படம். தையல் வகுப்புச் சான்றிதழுக்காக எடுத்தது. கல்யாணம் பேச வந்தவர்கள் போனபின் காணாமல் போய், அவள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியது. இப்போது அந்த முகத்தை அவள் வீட்டுக் கண்ணாடியே சற்று யோசித்துத்தான் ஒப்புக்கொள்ளும். கேமரா யோசிக்கவில்லை.

"இதை எப்பங்க எடுத்தீங்க?"

"ம்..." என்றார். பிறகு, மாமியாரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்படி, இன்னொரு வார்த்தையும் சொன்னார். "அன்னிக்கே."

மூத்தவள் விம்மினாள். இளையவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா... வாய் தவறிப் பேசிட்டேன்!" மாமியார் குனிந்து, கீழே விழுந்த துணியைத் தானே எடுத்தார். அப்படி ஒரு காட்சியை அந்த வீட்டுச் சுவர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

சிறிது நேரம் கழித்து இளையவள் மெல்லக் கேட்டாள். "அக்கா, அப்போ... அந்த முகத்தை அழிச்சிடவா?"

மூத்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேமராவை வாங்கிப் பார்த்தாள். மேசைமேல் பத்திரமாக வைத்தாள்.

"அழிக்க வேணாம்மா. நான் பின்னால நின்னாத்தானே தொந்தரவு? இனிமே நிக்கல. துணியை நீயே மடி."

அதன்பிறகு இளையவளின் முகம் வ்லாக்கில் பளிச்சென்று வந்தது. அலமாரிதான் கோணலாக இருந்தது.