நாவல்வில்லு வற்றாத ஆண்டு

ஆடி மாதத்துக் கச்சான் காற்று மேட்டுநிலத்துப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், குடத்தோடு நாவல்வில்லுக் குளத்துக்கு இறங்கிய அன்னப்பூரணி, நேற்று உலர்ந்து கிடந்த மண்ணில் தன் கால் நனைவதைக் கண்டு நின்றாள்.

மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. வானத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. கால் விரல்களைச் சுற்றி நின்ற தண்ணீர், இத்தனை வெயில் குடித்த தண்ணீருக்கு இருக்கவேண்டிய இளஞ்சூடு இல்லாமல், கிணற்றடி போலக் குளிர்ந்திருந்தது. அதிலிருந்து சேற்று மணம் வரவில்லை. காயாத துணியை மூட்டைகட்டி நெடுநாள் வைத்து அவிழ்த்தால் வருமே, அந்த வாடை வந்தது. அவள் குடத்தை முக்காமலேயே திரும்பிவந்தாள்.

நாவல்வில்லு பெரிய குளம் ஒன்றுமில்லை. கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில், மாரி வெள்ளம் நிரப்பிவிட்டுப் போகும் ஒரு பள்ளம். கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு மண்கட்டு. கட்டின் முனையில், கொஞ்சம் உயர்ந்த நிலத்தில், அன்னப்பூரணியின் களிமண் வீடு தனியே நின்றது. மார்கழியில் தண்ணீர் கட்டின் தலையைத் தொடும். சித்திரையில் இடுப்பளவுக்கு இறங்கும். பிறகு கரையோரச் சேறு வெளியே வர, பெண்கள் அதில் வெள்ளரி நடுவார்கள். ஆடி முடிவதற்குள் நடுவில் ஒரு குட்டைதான் மிஞ்சும். ஊரே கரப்புக் கூடைகளோடு இறங்கி, கூச்சலும் சிரிப்புமாக விராலும் கெளிறும் பிடிக்கும். அதன் பிறகு வெடித்த களி. அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்முதல் ஒரு வருடமும் இது மாறியதில்லை.

இந்த வருடம் அந்த வெடித்த களிக்காகவே அவள் காத்திருந்தாள். சென்ற மாரி வெள்ளத்தில், இழுபட்டுப்போன எருமைக்கன்று ஒன்றைப் பிடிக்கத் தோணியில் போன அவள் கணவன் இராசதுரை திரும்பி வரவில்லை. தோணி மட்டும் கவிழ்ந்தபடி கட்டோரம் வந்து ஒதுங்கியது. ஊரார் கம்பு விட்டுத் தேடினார்கள், சுழியோடி அடிவரை மூழ்கினார்கள். முன்னரும் சிலரை விழுங்கிய வில்லுதான் அது. “தண்ணி வத்தட்டும் புள்ள, மறுகா எடுப்பம்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எலும்பையாவது எடுத்துக் கொள்ளிவைக்க வேண்டும் என்று அவள் விறகு வெட்டி அடுக்கி வைத்திருந்தாள். செங்கலடியிலிருந்து அக்கா ஆள்விட்டுக் கூப்பிட்டும் அவள் அசையவில்லை.

தண்ணீர்தான் வற்றவில்லை. ஊருக்கோ அது பெரிய கொண்டாட்டம். திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட வருடம் அது. அரிசி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. மற்ற இடங்களில் பயிர் கருக, நாவல்வில்லின் மதகால் தண்ணீர் ஓடியபடியே இருந்ததால், இங்கே மட்டும் இரண்டாம் போகம் பச்சைப்பசேலென்று நின்றது.

ஆனால் அன்னப்பூரணியின் எருமைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. கரைவரை வரும், மூக்கைத் தாழ்த்தும், காதுகளை விறைத்துக்கொண்டு, பார்வையை எடுக்காமலே பின்னோக்கி நடக்கும். வில்லின் மறுகரையில் நிற்கும் கொக்குகள் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தன. தவளைகளும் வாயடைத்துப்போயின.

அவளிடம் தயிர்ச்சட்டி வாங்க ஏறாவூரிலிருந்து வாராவாரம் வண்டி கட்டி வரும் மீராசாஹிப், ஒருநாள் வண்டியைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்.

“மாடு இங்கால வரமாட்டெண்டு நிக்கி, தங்கச்சி” என்றார். தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தபடி வில்லைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். “அக்கரையக் கொஞ்சம் பாருங்க. அங்க களி வெடிச்சித்தான் கிடக்கு. உங்கட வீட்டுப் பக்கம் மட்டும் தண்ணி ஏறி இரிக்கி. தண்ணி ஒரு பக்கமாச் சாயுமா?”

அவளும் பார்த்தாள். உண்மைதான். தட்டைச் சாய்த்துப் பிடித்ததுபோல, தண்ணீர் முழுவதும் அவள் முற்றத்தை நோக்கிச் சரிந்து கிடந்தது.

“கச்சான் தள்ளுதாக்கும், காக்கா” என்றாள், எப்போதும்போல அவரை அண்ணன் முறையில் அழைத்து.

“கச்சான் நேத்தே விழுந்திட்டே.”

காற்று இல்லைதான். முற்றத்து வேம்பில் ஓர் இலை அசையவில்லை.

“வண்டியில ஏறுங்க. செங்கலடியில உங்கட அக்காட வீட்டில இறக்கி விடுறன். தண்ணியோட பிடிவாதம் பிடிக்காதீங்க.”

“நானா பிடிக்கிறன்? அதுதான் என்னோட பிடிக்குது” என்றாள் அன்னப்பூரணி. “அவர் இதுக்குள்ள கிடக்காரு, காக்கா. அவர எடுக்காம நான் எங்கயும் ஏறமாட்டன்.”

மீராசாஹிப் சட்டிகளை இரண்டு நடையாகத் தூக்கிப்போய் வண்டியில் வைத்தார். போகும்போது வில்லுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டாகவே நடந்தார்.

அன்று மைமலில், இருள் கவியும் நேரத்தில்தான் அவள் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே, மங்கல் வெளிச்சத்தில், தண்ணீருக்குள் யாரோ நடப்பதுபோல ஒரு சளப்பல். இடுப்பளவு தண்ணீரில் காலை எடுத்துவைக்கும்போது தண்ணீர் விலகி மறுபடி கூடும் அந்தக் கனத்த, சோம்பிய ஒலி. ஒருவர் நடப்பதல்ல. பலர். அவசரம் ஏதுமில்லாமல், அடி தப்பாமல், கூட்டமாக. அவள் கொள்ளிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சத்தம் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. அலைகூட இல்லை.

காலையில் முற்றத்தின் பாதி நனைந்திருந்தது. விரல்நீள மீன்குஞ்சுகள் செத்து, வாசலை நோக்கி வாய்திறந்தபடி கிடந்தன. அவள் அவற்றைக் கூட்டி அள்ளி, வில்லுக்குள்ளேயே வீசினாள்.

“உன்ர சாமானை நீயே வைச்சுக்கொள்!” என்று கத்தினாள். “என்ர சாமானைத் தா!”

அன்று முழுவதும் மண் வெட்டிச் சுமந்து, வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டினாள். கைகள் கொப்புளித்தன. மறுநாள் விடியலில் வரம்பின் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. தண்ணீர் கரைத்த மண் வழவழப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. பிய்த்தெடுத்திருந்தது. உடைந்த இடத்தில் நாலு நாலாகக் கோடுகள் இழுபட்டிருந்தன. அவள் தன் விரல்களை ஒரு கோட்டுத் தொகுதியில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கையை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு, பற்களைக் கடித்தபடி, அதே இடத்தில் இன்னும் உயரமாக வரம்பைக் கட்டினாள். அதுவும் பிய்ந்தது. மறுபடியும் கட்டினாள்.

மண்கட்டை வெட்டித் தண்ணீரை விட்டுவிட அவளுக்கு எப்போதோ மனம் உந்தியது. ஆனால் கீழே வயலில் ஊரின் சோறு கதிர்விட்டு நின்றது. பொறுத்தாள். கடைசி உப்பட்டிக் கதிர்க்கட்டும் களத்துக்குப் போய்ச் சூடு மிதித்து நெல் பிரித்து முடிந்த பிறகுதான், மதகுக்குப் பொறுப்பான வட்டவிதானை அழகரத்தினத்திடம் போனாள். அவர் அவளுக்கு அம்மான் முறை.

“அறுவடை முடிஞ்சிது, அம்மான். இனி மதகை முழுசாத் திறந்து விடுங்க.”

“விசரா புள்ள உனக்கு? ஊரெல்லாம் பசியில கிடக்கு. அம்மாள் தந்த தண்ணிய வெளியில விடச் சொல்றாய்.”

“அம்மாள் தந்ததெண்டா எருமை ஏன் குடிக்குதில்ல?”

விதானையார் வெற்றிலையை மென்றபடி இருந்தவர், மெல்லுவதை நிறுத்தினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மைமலானதும் கதவச் சாத்திப்போட்டுக் கிட. ஆர் கூப்பிட்டாலும் திறக்காத.”

“அப்ப நீங்களும் கேட்டிருக்கிறியள்.”

அவர் எழுந்து உள்ளே போனார். அன்று பின்னேரமே ஆள் அனுப்பி, யாரும் திறக்க முடியாதபடி மதகுப் பலகைக்கு நீள ஆணிகள் அடித்துவிட்டார்.

அவள் தேரோட்டத்துக்குக் காத்திருந்தாள். தேரன்று காலை ஊர் முழுவதும் வண்டி கட்டிக் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போனது. நாய்கள்கூட வண்டிகளின் பின்னால் ஓடின. உச்சிவெயில் ஏறியபோது நாவல்வில்லைச் சுற்றி அவள் ஒருத்திதான் இருந்தாள். தூரத்தில், காற்று திரும்பும்போதெல்லாம் பறைமேளம் மெல்லக் கேட்டு அடங்கியது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு மண்கட்டின்மேல் ஏறினாள்.

முதல் வெட்டு. காய்ந்த மண் தெறித்தது. இரண்டாம் வெட்டு. தண்ணீருக்குள் ஏதோ அசைந்து அமைந்தது. அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று தெரியும். வெட்டினாள். வியர்வை கண்ணை எரித்தது. வெட்டினாள். கட்டின் வயிற்றில் ஈரம் கசிந்தது, நூலாய் ஓடியது, கயிறாய்த் தடித்தது, பிறகு ஓர் இரைச்சலோடு கட்டு வாய்பிளக்க, அந்தக் குளிர்ந்த, நாறும் தண்ணீர் வெறும் வயலுக்குள் பாய்ந்தது.

“போ!” என்றாள் அன்னப்பூரணி. மூச்சு வாங்கியது. “போ! எல்லாம் போ!”

பொழுது சாயும்வரை தண்ணீர் ஓடியது. அவள் வீட்டு வாசலில், மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசிக்கவில்லை. மேளம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மஞ்சள் வெயிலில் தண்ணீரின் மட்டம் விரல் விரலாகத் தாழ்ந்தது.

முதலில் அவற்றை மரக்குற்றிகள் என்று நினைத்தாள். பட்ட மரங்களின் முனைகள். கறுத்து, சேறு பூசி, ஒரே உயரத்தில். ஆனால் அங்கே மரம் எதுவும் இருந்ததில்லை. நடுக்குளத்திலும் இல்லை அவை. கிட்ட. மிகக் கிட்ட. முற்றத்து வரம்பிலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இல்லை.

தண்ணீர் தாழ்ந்தது.

நெற்றிகள்.

மூடிய கண்கள். வாய்கள்.

தோள்கள்.

அவள் எழுந்து நின்றாள். மண்வெட்டியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வரிசையாக நின்றார்கள். ஆண்கள், பெண்கள். குடுமி வைத்த ஒரு கிழவர். மார்புக்குக் குறுக்கே சேலை கட்டிய ஒருத்தி. அப்படிக் கட்டுவதை ஊர் விட்டு எத்தனையோ காலம். அவளுக்குத் தெரிந்த முகங்கள் சில. தெரியாதவை பல. ஒருவர் உடம்பிலும் அழுகல் இல்லை. மீன் கடித்த தழும்பில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தண்ணீர் வடிந்த சேற்றில், நடுக்குளத்தின் ஆழத்திலிருந்து இங்குவரை, உழுத சால்களைப்போலக் காலடித் தடங்கள். போன தடம் ஒன்றுமில்லை. எல்லாம் வந்த தடங்கள். தண்ணீர் தானாக ஏறி வந்திருக்கவில்லை. அவர்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

வரிசையின் முன்முனையில் இராசதுரை நின்றான். அவனுடைய ஒரு கை பின்னால் நின்றவளின் பிடிக்குள் இருந்தது. மற்றக் கை நீண்டிருந்தது. வெறும் உள்ளங்கை. வாசலை நோக்கி.

ஓடலாம். வீட்டின் பின்புறம் வயல், வயலுக்கு அப்பால் வண்டிப்பாதை. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“இஞ்சேருங்க” என்றாள். குரல் பிசிறவில்லை. “உங்களக் கொண்டுபோய் எரிக்கத்தான் இத்தின மாசம் காத்துக் கிடந்தன். விறகு இரிக்கி. என்ர கையாலயே கொள்ளி வைப்பன். ஆனா நான் இதுக்குள்ள இறங்கமாட்டன். கேக்குதா? என்ன இழுக்கேலாது. வேணுமெண்டா அந்தக் கையெல்லாம் விட்டுப்போட்டு, நீங்க தனிய என்னட்ட வாங்க.”

வில்லில் ஒரு சத்தமும் இல்லை.

இராசதுரை கண்களைத் திறந்தான். பின்னால் பிடித்திருந்த கையை அவன் விடவில்லை. சேற்றிலிருந்து வலது காலை மெதுவாக உருவி, முன்னே வைத்தான். அவனுக்குப் பின்னால் அந்த வரிசை முழுவதும், ஒரே நேரத்தில், வலது காலை உருவி முன்னே வைத்தது.

அன்னப்பூரணி மண்வெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கியபடி, திறந்த வாசலில் காலை அகட்டி நின்றாள்.